செல்லாயி போட்ட சாம்பல்

செல்லாயி போட்ட சாம்பலில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. தெரிந்தே அவள் தலையில் பழியைப் போட்டேன்!

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம். தேறுதல் கேட்டு எழுதவில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மொச்சையின் புரதத்தைப் படிகமாக்கிப் பெயரெடுக்கும் வெறி எனக்கு. சென்னை வெயிலில் மொச்சைச் சாறு கெட்டுப்போனது. குளிரான இடம் தேடி, கண்ணாடிப் பாத்திரங்களைச் சுமையாட்களின் தலையில் ஏற்றிக் கொல்லிமலைக்கு வந்தேன். அங்கே ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் வெள்ளையன் என்ற விவசாயி தன் கொட்டகையைக் கொடுத்தார். செல்லாயி அவர் மனைவி.

மொச்சைச் சாற்றில் சோடியம் சல்பேட் என்ற உப்பை நிறையக் கரைத்து வைத்தால் புரதம் மெல்லப் பிரிந்து படியும். மறுநாள் காலை பாத்திரத்தின் அடியில் படிகங்கள் மின்னின. துள்ளிக் குதித்தேன்! ஒன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். புரதமென்றால் கருகி, மயிர் பொசுங்கும் நாற்றம் வரவேண்டும். வெள்ளையாகவே கிடந்தது. வெறும் உப்பு!

நான் கரைத்த உப்பு சென்னையில் ஒருமுறைகூட இப்படிப் படிந்ததில்லை. பிறகு எங்கிருந்து வந்தது இந்த உப்பு? ஆத்திரத்தோடு தேடினேன். கண்ணில் பட்டது மொச்சையில் ஒட்டியிருந்த சாம்பல்; சாம்பலிலும் உப்பு உண்டு. அந்த வீட்டில் விதைப்பானையைச் செல்லாயி மட்டும்தான் தொடுவாள். வண்டு விழாமலிருக்க விதையில் அடுப்புச் சாம்பலைக் கலந்து, பானை வாயை மண்ணால் பூசி வைப்பாள். எனக்கு அந்தப் பானையிலிருந்துதான் மொச்சை தந்திருந்தாள். பானையிலிருந்த மொச்சை முழுவதையும் கழுவித் தரச் சொன்னேன்.

"கழுவுனா வண்டு உழுந்துருமுங்க. இது வெதைங்க" என்றாள்.

சாம்பலால்தான் எல்லாம் கெட்டது என்று கத்தினேன். கழுவினாள். மூட்டம் கவிந்த மலையில் விதை உலர வெயிலே இல்லை.

கழுவிய மொச்சையிலும் அதே உப்பு... அதன்பிறகுதான், மாணவன்கூட முதலில் செய்யும் சோதனையைச் செய்தேன். மொச்சையே இல்லாமல் வெறும் உப்புக்கரைசலை வைத்தேன். விடிந்ததும் அதே படிகங்கள்! சென்னை வெயிலில் கரைந்து நின்ற அளவு உப்பு, இந்தக் குளிரில் கரைந்து நிற்கவில்லை. நான் தேடி வந்த குளிர்!

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் விதையை அடுப்போரம் உலர்த்தி மறுபடி சாம்பல் போட்டிருப்பாள். ஏன் சொல்லவில்லை? அவளிடம் போய் 'தவறு என்னுடையது' என்று சொல்ல நாக்கு எழவில்லை. இந்தக் கேடுகெட்ட நாக்கு!

விதை பூசணம் பிடித்தது. மிச்சத்தை வண்டு துளைத்தது. விதைக்க ஒரு பிடிகூடத் தேறவில்லை. வெள்ளையன் அதைக் கையில் அள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் செல்லாயி.

"ஏனுங்க, இவ போட்ட சாம்பல்ல தானுங்களா குத்தம்?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாம்" என்றேன்.

அவள் கைக்கு ராசியில்லை என்று ஆகிவிட்டது. இனி விதைப்பானை தம்பி பெண்டாட்டியிடம் இருக்கட்டும் என்று வெள்ளையன் அங்கேயே சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. திட்டியிருந்தால்...!

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள்.

நம்பினாள்! தன் கையையே சந்தேகித்து, என் பொய்யை நம்பினாள். மறுநாளே மலையிறங்கினேன். அதன்பின் ஒருமுறைகூட மேலே போகவில்லை. போயிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை... அதுவும் பொய். தெரியும். சொல்லியிருக்க மாட்டேன்.