மிச்சத்தைக் கூப்பிடும் சொல்

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது. நான் "ஹலோ" என்றேன். எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. "ஹலோ, யாரு?" என்று மறுபடியும் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினார். அக்கா வேலை செய்த தையல் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பட்டன் வைப்பவர். கடையில் எல்லோருக்கும் அவர் பட்டன்மா.

"நீ பேசாத கண்ணு," என்றார் அழுகைக்கு நடுவில். "நீ பேசினா அவ பேசுற மாதிரியே இருக்கு. இங்க கிடக்குறா, அங்க பேசுறா. என்னால தாங்க முடியல."

எனக்குச் செய்தி அப்படித்தான் வந்தது.

மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்திருக்கிறாள். விழுந்த ஊசியைக் குனிந்து தேடுகிறாள் என்று பட்டன்மா நினைத்திருக்கிறார். "கண்ணு தெரியலைன்னா கண்ணாடி மாத்துடின்னு திட்டிக்கிட்டு இருந்தேன்" என்று அன்று முழுவதும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அக்காவுக்கும் முகத்தில் ஒற்றுமை கிடையாது. அவள் கறுப்பு, நெட்டை. நான் எல்லாவற்றிலும் அரை அளவு. குரல் மட்டும் ஒரே அச்சு. அவளுக்கு வரும் போனை நான் எடுத்தால், பேண்ட் எத்தனை விரல் குறைக்க வேண்டும் என்பதை என்னிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அம்மா இருந்தவரை அவளுக்கே எங்கள் குரல் பிடிபடாது. சமையலறையிலிருந்து "யாருடி அது?" என்பாள். "ரெண்டுல ஒண்ணு" என்பாள் அக்கா.

அக்கா பார்த்தது பழைய துணி வேலை. பிடித்துத் தருவது, பிரித்துத் தருவது, ஜிப் மாற்றுவது. மருந்துக் கடைக்கு மேலே மாடியில், ஜன்னலோரம் அவள் மெஷின். கல்யாணம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் "இன்னும் அளவு எடுக்கல" என்று சொல்லியே ஐம்பதைத் தாண்டிவிட்டாள். நானும் அவளும்தான் வீடு. எங்களோடு நாய்கள்.

நாய்கள் எங்கள் வீட்டில் தங்குவதில்லை, வந்து போகும். வண்டியில் அடிபட்டது, யாரோ வாசலில் கட்டிவிட்டுப் போனது, குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனதன் குட்டிகள். பின்னறையில் வைத்துத் தேற்றி ஒரு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடுவாள். வாங்கிக்கொள்கிறவர்களைச் சம்பந்தி என்பாள். "நேத்து புதுச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கதவு இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்." அந்த வீட்டுக்காரர் டாக்டராக இருந்தாலும் அதே பதில்தான்.

வீடு பார்க்கும் முறையும் அவளுடையது. எடுத்ததும் உள்ளே போகமாட்டாள். முதலில் கேட்டுக்கு வெளியே தரையில் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பாள். புதியவர்கள் யாரோ மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீரோடு ஓடி வருவார்கள். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க கேட்டுக்கு அடியில ஒரு கம்பி அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து புடவையைத் தட்டிக்கொள்வாள்.

இந்தப் பழக்கமெல்லாம் வந்தது ஒரு செவலை நாயால். அதை வாங்கிப்போன குடும்பம் நல்ல குடும்பம்தான். காலையில் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அது கேட்டடியில் நுழைந்து வெளியே ஓடியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வீடே பின்னால் ஓடியிருக்கிறது. அந்தப் பெயர் தன்னுடையது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? கத்திக்கொண்டு துரத்தும் நாலு பேரைத்தான் அது பார்த்தது. பயந்து பெரிய ரோட்டில் பாய்ந்துவிட்டது.

அக்கா அதைத் தன் கையால் புதைத்துவிட்டு வந்தாள். மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. நாலாம் நாள் பின்னறையில் இருந்த குட்டிக்குத் தட்டை வைக்கும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். தட்டு தூக்கும்போதெல்லாம் அதையே கேட்டாள். அறையின் மறுகோடியிலிருந்து கேட்டாள், வாசலிலிருந்து கேட்டாள். ஒரு வாரத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் குட்டி எங்கிருந்தாலும் உருண்டு புரண்டு வந்து நின்றது.

"பேரு மாறும், வீடு மாறும்," என்றாள் என்னிடம். "இந்தக் கேள்விய எந்த வீட்டுல கேக்காம இருப்பாங்க?"

அதன் பிறகு எங்கள் வீட்டைக் கடந்துபோன எல்லா நாய்க்கும் அந்த ஒரே சொல்தான். ஒரு நாய் தொலைந்தால், யார் பார்த்தாலும் கூப்பிடலாம். சம்பந்திகள் வீட்டில்தான் சிக்கல். ஒரு அம்மா போன் பண்ணிக் குறைபட்டார்: "மகளுக்குப் போன் போட்டு சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்க முடியலம்மா. மடில வந்து ஏறிடுது. அதுக்காக கொட்டிக்கிட்டியான்னு கேக்க ஆரம்பிச்சேன். போனை மாப்பிள்ளை எடுத்திருக்காரு. அவரு இன்னும் எங்கிட்டப் பேசல." அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது "வாங்க" இல்லை, "கேட்டைச் சாத்துங்க". அதற்குப் பிறகுதான் வாங்க.

மிச்சம் கடைசியாக வந்தவள். சாக்கடை வேலை பாதியில் நின்றுபோன தெருக்கோடியில் பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடக்கின்றன. அங்கே இருந்த குட்டிகளில் மற்றவை ஒவ்வொன்றாக வீடு போய்ச் சேர்ந்தன. இவள் மட்டும் மனித வாசனை பட்டாலே குழாய்க்குள் பின்வாங்கிவிடுவாள். எல்லாம் போய் மிச்சம் இருந்ததால் மிச்சம். கடையிலிருந்து வரும் வழியில் அக்கா எதிர்க் குழாய்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்பாள். மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பதிலே சொல்ல மாட்டேங்குறா, ரொம்ப ராங்கி" என்று வந்து சொல்வாள். பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மிச்சம் அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். அக்கா திரும்பிப் பார்க்காமலேயே நடந்து வந்து, நான் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அழுதாள்.

என்னிடம் மிச்சம் வரமாட்டாள். தட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் சாப்பிடுவாள்.

அவளுக்கு வீடு கேட்டு வந்தவர் ஒரு ரயில்வே கார்டு. ஓய்வு பெற்றவர், தனி ஆள், அடியில் இடைவெளியே இல்லாத கேட். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறை. அவர் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. பால் குடிக்கிற குழந்தையைக்கூட "வாங்க வாங்க" என்பார். மிச்சத்தின் முன் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

மிச்சம் அவருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"ஐயா, அவ ஒண்ணும் உங்க மேலதிகாரி இல்ல," என்றாள் அக்கா.

"வாயில வர மாட்டேங்குதும்மா. வண்டி கிளம்பின பிறகு ஓடி வர்றவனைக்கூட, மெதுவா வாங்கன்னுதான் சொல்லுவேன்."

"மரியாதையெல்லாம் எனக்குக் குடுங்க. அவளுக்குச் சோறு போதும். எங்க, சொல்லுங்க. சாப்பிட்டியா."

"சாப்பிட்டி..." என்று இழுத்து, காது மடல் சிவக்க, "...ங்களா" என்று முடித்தார்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அக்கா செத்தது வியாழக்கிழமை.

அன்று வீட்டில் ஒரே கூட்டம். பின்னறைக் கதவை யாரோ நாற்காலி எடுக்கத் திறந்திருக்கிறார்கள். கேட் திறந்தது திறந்தபடியே கிடந்தது. கேட்டைச் சாத்துங்க என்று சொல்கிறவள் கூடத்தில் படுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவளைக் கொண்டுபோய் முடித்துவிட்டுத் திரும்பினோம். நான்தான் கடைசியாக உள்ளே வந்தேன். கை தானாகக் கேட்டைச் சாத்தியது. சாத்திய பிறகுதான் உறைத்தது. பின்னறைக்கு ஓடினேன். தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. மிச்சம் இல்லை.

எதிர்வீட்டுப் பெரியம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். "நின்னுக்கிட்டு இருக்காத. கூப்பிட்டுக்கிட்டே போ. உன் குரலுக்குத்தான் வருவா."

"எங்கிட்ட வர மாட்டா பெரியம்மா."

"உங்கிட்ட வர மாட்டா. உங்க அக்கா குரலுக்கு வருவா. நடடி."

தெருவில் இறங்கினேன். வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. நடு ரோட்டில் நின்று யாரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பது? இரண்டாவது தடவை எப்படியோ சத்தம் வந்தது. "சாப்பிட்டியா?"

சைக்கிளில் போன காய்கறிக்காரர் காலை ஊன்றி நின்றார். "ஆச்சும்மா. நீ சாப்பிட்டியா?" என்றார். நேற்றிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

அடுத்த தெருவில் கூப்பிட்டபோது ஒரு கேட்டுக்குப் பின்னால் நகங்கள் தரையைக் கீறும் சத்தம் கேட்டது. கொழுத்த வெள்ளை நாய் ஒன்று கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி வாலை ஆட்டியது. அக்கா போன வருஷம் கொடுத்தது. நாலு வீடு தள்ளி மாடியிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்தது. திருப்பத்தில் மூன்று காலோடு ஒன்று கேட்டுவரை நொண்டி ஓடி வந்தது. நான் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு கேட்டிலும் அவள் நாய்கள் வந்து நின்றன. எதுவும் கேட்டைத் தாண்டி வரவில்லை, வரமுடியவில்லை. எல்லாக் கேட்டுக்கும் அடியில் கம்பி அடித்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் கார்டு ஐயா வந்துகொண்டிருந்தார். பெரியம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு கையையும் வாயருகே குவித்து, "சாப்பிட்டீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொரு சந்துக்குள்ளும் கேட்டார். "ஆச்சுங்க," என்றது ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பழகினேம்மா," என்றார் என்னைக் கண்டதும். "கண்ணாடில வந்துச்சு. இப்ப வர மாட்டேங்குது."

வெயில் ஏறிய பிறகுதான் எனக்குக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. அவரை ரோட்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அக்கா உட்காரும் குழாயின்மேல் உட்கார்ந்தேன். எதிர்க் குழாயின் வாய் இருட்டாக இருந்தது. அவள் எப்படிச் சொல்வாளோ அப்படியே, அவசரமில்லாமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி, சொன்னேன்.

"சாப்பிட்டியா?"

மிச்சம் பாய்ந்து வந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. காது பின்னால் மடிந்து, உடம்பே வாலாக ஆடி, என் முழங்காலில் முன்னங்காலைத் தூக்கிப் போட்டாள். போட்ட பிறகு என் கையை முகர்ந்தாள். ஆட்டம் நின்றது. காலை எடுத்துக் கீழே வைத்தாள். என்னைச் சுற்றி ஒரு தடவை வந்து, நான் உட்கார்ந்திருந்த குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தாள். அதற்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள். அக்கா கடையிலிருந்து வரும் பக்கம்.

நான் அவளைத் தொடவில்லை. மறுபடியும் கூப்பிடவும் இல்லை. பிறகு நான் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீடுவரை நடந்தேன். கேட்டை எனக்குப் பின்னால் கார்டு ஐயா சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் திரும்பினேன். உள்ளேதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்னபடியே அவர் வந்தார். நானே வைத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா சொன்னார். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் போனில் பேசும்போதெல்லாம் மிச்சம் எழுந்து, அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். என் குரல் இருக்கும் வீட்டில் அவளால் தூங்க முடியாது.

கார்டு ஐயா வாசலில் குந்தி உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து, மிக மெதுவாக, "சாப்பிட்டியா?" என்றார். சொன்ன கையோடு மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். மிச்சம் யோசித்தாள். பிறகு எழுந்து, நேராகப் போகாமல் சுவரோரமாகச் சுற்றி, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றாள். அவர் அவளை ஆட்டோவில் கூட்டிப்போனார்.

கடையில் வாங்கிய சாதாரணப் பட்டைதான் அவள் கழுத்தில் இருக்கிறது. அதில் நம்பர் எழுதிய சீட்டை ஒட்டியிருக்கிறார். அக்கா எந்த நாயையும் அப்படி அனுப்பியதில்லை. புதுச் சம்பந்தியின் போன் நம்பரைக் கழுத்துப் பட்டையில் சிவப்பு நூல்கொண்டு தன் கையாலேயே தைத்துக் கொடுப்பாள். அக்கா சரிந்த அன்று அவள் மெஷின்மேல் இருந்த மிச்சத்தின் பட்டையைப் பட்டன்மா பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நம்பரில் கடைசி இரண்டு எண்கள் இல்லை. ஊசி அப்படியே குத்தியிருக்கிறது, நூலோடு.