கிழித்த கொடியும் என் பட்டமும்

விதி 4.7, இரண்டாம் பந்தி: விசாரணை முடிந்த நாளிலிருந்து இருபது வேலை நாட்களுக்குள் குழு தன் முடிவை மாணவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

"அறிவிக்கலாம்" என்று எழுதவில்லை, "வேண்டும்" என்றே எழுதியிருந்தார்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் நாற்பது வருடம் பிழைப்பு நடத்தியவன் நான். முதலில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞர். பிறகு மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பக்கத்து மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் ஆவணக் காப்பாளர். அங்கே ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் ஒரு பெட்டி மாத்திரையை வாசல் தாண்ட விடமாட்டேன். மேலாளர்கள் என்னைக் கண்டால் வேறு பாதையால் போவார்கள். அப்படிப்பட்டவன் அறுபத்தாறு வயதில் பரீட்சையில் களவு செய்தான் என்று 2004 ஜனவரியில் பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியது.

கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"நான் பாத்து எழுதினனாம்."

"ஆரைப் பாத்து?"

"புத்தகத்தைப் பாத்து."

"புத்தகம் கொண்டு போனனீங்களோ?"

"என்ன கதை கதைக்கிறாய்?"

"கேட்டால் என்ன? அவங்களும் இதைத்தானே கேக்கப் போறாங்கள்."

அவள் சொன்னது சரி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

பாடம், மத்தியகாலச் சீன வரலாறு. சீனத்தில் எனக்கு ஒரு ஈடுபாடும் இருந்ததில்லை. பட்டம் முடிக்க ஒரே ஒரு பாடம் மிச்சமாக இருந்தது. அந்தத் தவணையில் பகல் வேளையில், படி ஏறாத மண்டபத்தில், இடம் காலியாக இருந்தது அது ஒன்றுதான். போகப் போகப் பிடித்துக்கொண்டது. பத்தாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அரசமரபுகள் எங்கள் சங்க நிர்வாகங்களைப்போல மாறிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று பிற்காலச் சௌ. பத்து வருடம்கூடத் தாங்காத மரபு. அது எப்படி எழுந்தது என்பதுதான் பரீட்சைக் கேள்வி.

கதை இதுதான். தலைநகரில் இருபது வயதளவில் ஒரு பேரரசன். தன் மூத்த அமைச்சர்களை ஒரே நாளில் வெட்டுவித்தான். வடக்கே நின்ற தளபதியையும் கொல்லச் சொல்லி ஆணை அனுப்பினான். தலைநகரில் இருந்த தளபதியின் குடும்பம் அடியோடு அழிக்கப்பட்டது. தளபதியின் ஆள் ஒருவர், ஆணையில் தளபதியோடு அவருடைய அதிகாரிகளையும் கொல்லச் சொல்லியிருப்பதாக மாற்றி எழுதி அவர்களுக்கே காட்டலாம் என்று யோசனை சொன்னாராம். எழுதுவினைஞனாக அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து ஒரு நிமிடம் மரியாதை செலுத்தினேன். படை கொதித்தது, தலைநகருக்குத் திரும்பியது, பேரரசன் குழப்பத்தில் இறந்தான். தளபதி உடனே சிம்மாசனத்தில் ஏறவில்லை. அரசமாதாவிடம் போய், வேறொரு இளவரசனை அழைக்க முறைப்படி ஆணை வாங்கினார். அதற்குள் வடக்கில் பகைவர் புகுந்துவிட்டார்கள் என்று செய்தி. படையோடு போனார். வழியில் வீரர்கள் அவரைச் சூழ்ந்து, ஒரு மஞ்சள் கொடியைக் கிழித்து அவர் உடம்பில் சுற்றி, நீரே பேரரசர் என்று ஆர்ப்பரித்தார்கள். மஞ்சள் பேரரசரின் நிறம். முறையான ஆணைக் காகிதங்கள் பிறகு வந்து சேர்ந்தன.

கொடி கிழித்த இடத்தை நான் பதினொரு வரியில் எழுதியிருந்தேன். அந்தப் பதினொரு வரியும் பாடப்புத்தகத்தின் பதினொரு வரி. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் அதே இடத்தில். அதைவிட மோசம், ஊர்ப்பெயர் ஒன்றில் புத்தகத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. என் விடைத்தாளிலும் அதே எழுத்து இல்லை.

பேராசிரியர் நாற்பது வயதுப் பெண், நேர்மையானவர். அந்த விடுபட்ட எழுத்தைக் கண்ட பிறகு அவர் வேறென்ன செய்வார்? ஆனால் நாங்கள் படித்த காலத்தில் பாடம் என்றால் பாடமாக்குவது. கோட்-வெர்து மெற்றோவில் ஏறி, பல்கலைக்கழகத்துக்குப் போய் வரும் நேரமெல்லாம் அந்த அத்தியாயத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். எதிரே இருந்தவர்கள் நான் செபிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நன்றாக எழுதிய ஒருவருடைய வசனத்தை என்னுடைய ஓட்டை வசனத்தால் மாற்றுவது எங்கள் பள்ளிக்கூடத்தில் மரியாதைக் குறைவு. அச்சுப்பிழை திருத்துவதும் மாணவனின் வேலையாக இருக்கவில்லை.

இது களவு என்று தீர்மானமானால் பட்டம் இல்லை, பதிவேட்டில் குறிப்பு ஒன்றும் ஏறும். அறுபத்தாறு வயதில் அதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எனக்கு எல்லாமே குறையும். ஏனென்றால் ஊருக்குள் நான் முப்பத்தாறு வருடமாகப் பட்டதாரி.

அதை நான் சொல்லிக்கொள்ளவில்லை. என் கலியாண அழைப்பிதழை மாமனார் அச்சடித்தபோது என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று சேர்த்துவிட்டார். எனக்குக் காட்டியபோது ஐந்நூறும் அச்சாகி, மஞ்சள் பூசி, பாதி விநியோகமாகியிருந்தது. நான் அப்போது வெளிவாரிப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். "முடிக்கப் போறீர்தானே" என்றார் மாமனார். நான் பேசாமல் இருந்தேன். பிறகு எல்லோரும் என்னை மரியாதையாக "சேர்" என்று கூப்பிட்டார்கள். மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகும் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் மரண அறிவித்தல், வரவேற்புரை, குடிவரவு மனு எல்லாம் என்னிடம் திருத்தத்துக்கு வந்தன. உண்மை தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். கலியாணமாகி மூன்றாம் நாள் அவளிடம் சொன்னேன். "அப்பா அச்சடிச்சுப் போட்டார். நீங்கள் படிச்சு முடியுங்கோ" என்றாள். மொன்ட்ரியாலில் கடைசி ஆறு வருடமாகத்தான், பாடம் பாடமாக, வேறு ஒருவருக்கும் தெரியாமல் முடித்துக்கொண்டு வந்தேன்.

விசாரணை பெப்ரவரி 11. முதல் நாள் பெய்த பனி உறைந்து நடைபாதை கண்ணாடிபோல இருந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னைக் காரில் ஏற்றிப் போனார். மன்னார்க்காரர், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடை ஒன்றில் வேலை. பல்கலைக்கழகத்தில் ஒரு அலுவல் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"லெக்சரோ சேர்?"

"அப்பிடி ஒண்டுதான்."

"சீனாக்காரரைப் பற்றியோ? போன கிழமை அந்தப் புத்தகம் கையில வச்சிருந்தியள்."

"ஓம்."

"நானும் வந்து இருக்கட்டோ?"

"பூட்டின அறை. வெளியில நில்லுங்கோ."

குழுவில் மூன்று பேர். தலைவர் நரைத்த மனிதர், சட்டப் பேராசிரியர். வரலாற்றுப் பேராசிரியர் மேசையின் மறுமுனையில், என் விடைத்தாளையும் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். பதினொரு வரிக்கும் பச்சை நிறம் தீட்டியிருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"பரீட்சை மண்டபத்துக்குள் குறிப்பு ஏதும் கொண்டு போனீர்களா?" என்றார் தலைவர்.

"இல்லை."

"அப்படியானால் இது எப்படி வந்தது?"

"மனப்பாடம்."

தலைவர் புத்தகத்தை எடுத்தார். அதே அத்தியாயத்தில் வேறொரு பக்கத்தைத் திறந்து, ஒரு பந்தியின் முதல் மூன்று சொல்லை வாசித்து, "தொடருங்கள்" என்றார்.

ஒன்றும் வரவில்லை.

நான் கூரையைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேராசிரியர் பேனாவை மூடிவைத்த சத்தம் கேட்டது. பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் பாப்பரசருக்கும் நாக்குப் பிசகும். இதை அந்த மூன்று பேருக்கும் எப்படி விளங்கப்படுத்துவது?

"அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்துதான் எனக்கு வரும்" என்றேன்.

"எங்களுக்கு இருபது நிமிடம்தான் இருக்கிறது."

"விதி 4.5 நேரம் எதையும் குறிப்பிடவில்லை."

தலைவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். என் மேலாளர்களின் முகத்தில் பல தடவை கண்ட பார்வை. பிறகு முதல் வரியைத் தந்தார்.

அதன் பிறகு எங்கும் நிற்கவில்லை. வெட்டுப்பட்ட அமைச்சர்கள், மாற்றிய ஆணை, அரசமாதா, வடக்கு, கொடி. ஊர்ப்பெயர் வந்த இடத்தில் எழுத்து விடுபட்டபடியே உச்சரித்தேன். தலைவர் சிரிப்பை அடக்கினார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"நீங்கள் குறிப்புக் கொண்டுவரவில்லை என்பதை ஏற்கிறேன்" என்றார் அவர். "ஆனால் என் கேள்வி அது இல்லை. இது இன்னொருவரின் எழுத்து. நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள் என்று இதில் எங்கே இருக்கிறது? புத்தகத்தை விடுங்கள். அந்த வீரர்களுக்கு எதற்காக ஒரு துணி தேவைப்பட்டது?"

நான் பாடமாக்காத கேள்வி.

"எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு" என்றேன். "ஒருவரைக் கௌரவிக்க மேடையில் ஏற்றி, ஒரு சால்வையை அவர் தோளில் போர்த்துவோம். பொன்னாடை என்று பெயர். யாரும் தனக்குத் தானே போர்த்திக்கொள்ள முடியாது. மற்றவர்கள்தான் போர்த்த வேண்டும். அதனால் போர்த்தப்பட்டவர், நான் கேட்கவில்லையே என்று சொல்லலாம். வீரர்கள் தளபதிக்குக் கொடுத்தது அந்த வசதியைத்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்வதானால், சால்வை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்குப் போவதற்குள் சொல்ல வேண்டும். அந்த நேரம் கடந்தால், பேசாமல் இருந்ததே சம்மதம். பத்து வருடத்துக்குள் இன்னொரு தளபதிக்கும் இதே நடந்தது. வடக்கில் பகைவர் என்ற அதே செய்தி. அந்த முறை கொடி கிழிக்க வேண்டியிருக்கவில்லை, யாரோ ஒரு மஞ்சள் அங்கியை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். தைத்து வைத்தவன் முதலே திட்டம் போட்டவன். கிழித்தவர்களைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேசாமல் நின்றது தளபதிகள் இரண்டு பேருமே."

"இது எங்கே வாசித்தது?" என்றார் பேராசிரியர். அவருடைய பேனா மறுபடியும் திறந்திருந்தது.

"வாசித்ததில்லை. என் கலியாண அழைப்பிதழால் தெரிந்தது."

அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த வேண்டி வந்தது. மனைவியைத் தவிர ஒருவருக்கும் முப்பத்தாறு வருடமாகச் சொல்லாததை, பெயர் தெரியாத மூன்று பேருக்கும் ஒரு பேராசிரியருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். என்னிடம் பட்டம் இல்லை. இருப்பதாக என் சமூகம் முழுவதும் நினைக்கிறது. நான் அதைப் பொய்யில்லாமல் ஆக்க முயன்றுகொண்டிருக்கிறேன். பதற்றத்தில் என் குரல் உயர்ந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோதுதான் கவனித்தேன், கதவின் மேல் இருந்த காற்றுத் துவாரம் திறந்து கிடந்தது. நண்பர் அதன் கீழ் மர வாங்கில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

கார் டெக்காரி நெடுஞ்சாலைக்கு ஏறிய பிறகுதான் அவர் தொடங்கினார். துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.

"சேர்."

"ஓம்."

"அப்ப இவ்வளவு நாளும் எங்கட மரண அறிவித்தல் எல்லாம் பட்டம் இல்லாத ஆளோ திருத்தினது?"

நான் இருக்கைப் பட்டியை இழுத்துச் சரிசெய்தேன்.

"எங்கட அய்யான்ர அறிவித்தலில 'இறையடி' எண்டதை நாலு தரம் மாத்தினனீங்கள். செத்த மனிசன் காத்துக்கொண்டு கிடந்தது." பிறகு, சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு: "வெண்டாலும் சொல்லுங்கோ, தோத்தாலும் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்."

அதுவரைக்கும் என்றார். அதற்குப் பிறகு என்னவாம் என்று நான் கேட்கவில்லை.

இருபதாவது வேலை நாள் மார்ச் 10. வரவில்லை. பதினொன்றாம் திகதி முதல் நினைவூட்டல் எழுதினேன், விதி இலக்கத்தோடு. "தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது" என்று ஓர் அட்டை வந்தது. கச்சேரியில் இதே வசனத்தை ஆயிரக்கணக்கில் அனுப்பியவன் நான். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் இரண்டாவது நினைவூட்டல், மே மாதத்தில் பதிவுத் தபாலில் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில் நண்பர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நான் தலையசைப்பேன். அவர் பாணைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டு மறுபக்கம் திரும்புவார். யாராவது சேர் என்று கூப்பிட்டால் கோப்பையோடு வேறு மேசைக்குப் போய்விடுவேன். வசந்தகாலப் பட்டமளிப்பு எனக்கில்லாமல் நடந்து முடிந்தது.

"திரும்ப எழுதுங்கோவன்" என்றாள் மனைவி.

"விதிப்படி மூண்டு நினைவூட்டல்தான்."

"விதி அவங்களுக்கு இல்லையாம், உங்களுக்கு மட்டும் ஒழுங்கா இருக்குதாக்கும்."

கடைசியில் ஒரு கடித உறை வந்தது. அவள்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவளே மரக்கறிக் கத்தியால் கீறினாள். உள்ளே ஒரே தாள். ஏமாற்றும் நோக்கம் நிறுவப்படவில்லை. மேற்கோள் குறியில்லாத பதினொரு வரிக்கும் புள்ளி இல்லை. மிச்ச விடைகளுக்குத் தேர்ச்சி. பட்டம் அடுத்த விழாவில் வழங்கப்படும். தாமதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் கதிரையில் இருந்தேன். அவள் தாளை மறுபடி வாசித்தாள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். முகவரியில் என் பெயருக்கு முன்னால் "Dr.", அதாவது கலாநிதி, என்று அச்சடித்திருந்தார்கள்.

"அடுத்ததுக்கும் படிக்கப் போறியளோ? எனக்கு இன்னொரு முப்பத்தாறு வருசம் ஏலாது."

சிவப்புப் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினேன். நான் கலாநிதி இல்லை, பதிவைத் திருத்திக்கொள்ளவும் என்று இரண்டு வரி எழுதி, அன்று மாலையே தபாலில் சேர்த்தேன். வரும் வழியில் தெப்பனரில், எங்கள் மூலைக்கடையில், நின்று நண்பருக்குத் தொலைபேசி எடுத்து, பட்டம் இப்போதுதான் கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை கோப்பி குடிக்கும்போது எல்லோருக்கும் நானே சொல்கிறேன் என்றேன். "உதுக்குத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் எனக்குத் தந்துவிட்ட திகதி முத்திரையைத் தேடி எடுத்து, அந்தக் கடிதத்தின் வலப்பக்க மேல்மூலையில் குத்தினேன்.

பெறப்பட்டது: 2004 ஜூன் 14.