பிரமிளாவுக்கு அக்கி எழுதிய கதை

பால் குடிக்கிற குழந்தையைப் பெற்றவளிடமிருந்து பிடுங்குவதென்றால் அதற்கு ஒரு காரணமாவது வேண்டாமா? ஆந்திராவில் நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊரில் பிரமிளாவிடமிருந்து பிடுங்கியவர்களுக்கு ஒரு சோப்புப் பொடி போதுமானதாக இருந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

பிரமிளா ஒன்றும் தெரியாத பெண் இல்லை. இன்டர், நம் பக்கத்துப் பிளஸ் டூ, முடித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்ன சாமான்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அங்கே கையுறை போடாமல் எதையாவது தொட்டுவிட்டால் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். கல்யாணமாகிப் பெண் குழந்தை பிரியங்காவும் பிறந்த பிறகு, அவள் கை நாளெல்லாம் எதில் முங்கிக் கிடந்தாலும் கேட்க நாதியில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் செங்கம்மா புதுச் சோப்புப் பொடி வாங்கி வந்தாள். வாளி இலவசம். வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. குழந்தைத் துணியிலிருந்து டிராக்டர் கிரீஸ் துணி வரை எல்லாம் அதிலேயே ஊறின. போர்வெல்லில் தண்ணீர் வருகிற நேரம் கொஞ்சம்தான், அதனால் ஒரே அலசல். நுரை போகாமலே துணி கொடிக்குப் போகும். சில வாரத்தில் பிரமிளாவின் முன்கை சிவந்து தடித்தது. பாவாடை நாடா இறுக்குகிற இடுப்பில் பொரிப்பொரியாகக் கிளம்பி நீர் வடிந்தது.

செங்கம்மா அதைப் பார்த்தாளோ இல்லையோ, "அய்யய்யோ, இது அக்கிடீ! கொயந்தைய இப்டிக் குடு!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அக்கிக் கொப்புளம் என்றால் அந்தப் பக்கத்தில் டாக்டரிடம் போகமாட்டார்கள், குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் சிங்கம் எழுதுவார். சிங்கத்தைக் கண்டு அக்கி இறங்கிவிடும் என்று நம்பிக்கை. குயவர் ரங்கையா வீட்டுக்கே வந்து பயபக்தியோடு எழுதிவிட்டுப் போனார். காவி அழியக்கூடாது, ஆகவே குளியல் கிடையாது. தனிப் பாய், தனித் தட்டு. ஒட்டிக்கொள்ளும், ஆகவே குழந்தையைத் தொடவே கூடாது.

"பால் கட்டிக்கினு நோவுது அத்தே. ஒரு வேளையாச்சும் குடுக்கறேனே," என்று கெஞ்சினாள் பிரமிளா.

"பீச்சிக் கீழ ஊத்து. கொயந்தைக்கும் அக்கி வரணுமா? நீயெல்லாம் ஒரு தாயா?"

கேட்ட கேள்வியைப் பாருங்கள்! அடுத்த அறையில் பிரியங்கா பசியில் வீறிட்டாள். இங்கே தாயின் ரவிக்கை நனைந்தது. பவுடர் பாலைக் கலக்கிப் பாட்டிலை வாயில் திணித்தார்கள். புருஷன் கோவர்த்தனன் டிராக்டர் ஓட்டுகிறவன், ஊரில் யார் வம்புக்கு வந்தாலும் மல்லுக்கு நிற்பான். அம்மா எதிரில் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "அம்மா நல்லதுக்குத்தானே சொல்லுது," என்று முனகிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைவிட அநியாயம் ஒன்று உண்டு. ஒட்டுகிற நோயாயிற்றே என்று மருமகளின் புடவையையும் படுக்கைத் துணியையும் செங்கம்மா தனியாக எடுத்து, இரண்டு பங்கு பொடி போட்டு ஊறவைத்தாள். பிரமிளா அதையேதான் உடுத்தினாள், அதன்மேலேயேதான் படுத்தாள். எங்கிருந்து இறங்கும்? கழுத்துக்கும் முதுகுக்கும் ஏறியது. ஏறினால் மறுபடி சிங்கம், மறுபடி இரண்டு பங்கு பொடி.

ஒருநாள் காலையில் எழுந்தபோது மார்பு வலிக்கவில்லை. பிரமிளாவுக்குத் திக்கென்றது. பிழிந்து பார்த்தாள், ஒரு சொட்டு வந்ததோடு சரி. நேராகப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள்.

"இன்னிக்கித் திருப்பதிக்கு இட்டுக்கினு போறீங்களா, நானே பஸ் ஏறட்டுமா?"

திருப்பதியில் தோல் டாக்டர் துர்காதேவி காவிச் சிங்கத்தைப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். "ஏ சப்பு பொடி வாடுதாவம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். எந்தச் சோப்புப் பொடி என்ற அந்த ஒரு கேள்வியிலேயே பிரமிளாவுக்குப் பாதி விளங்கிவிட்டது. அவள் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் கடுகடுத்தது. இது அக்கியே இல்லை, பொடி ஒத்துக்கொள்ளாமல் வந்த அலர்ஜி, யாருக்கும் ஒட்டாது என்றார். வாசனைப் பொடியை விட்டுவிடு, நுரை போகிறவரை துணியை அலசு, துவைக்கும்போது கையுறை போடு என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"பால்?" என்றாள் பிரமிளா.

அதை நிறுத்தியிருக்கவே வேண்டாம் என்றார் டாக்டர். அடிக்கடி மாரில் போட்டுப் பார், திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு கோவர்த்தனன் பக்கம் திரும்பி, "அப்படிதாக்கா நுவ்வேம் சேஸ்தா உண்டாவய்யா?" என்றார். அதுவரை நீ என்னய்யா செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டதும் அவன் களிம்புச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

வீட்டுக்கு வந்து அவன் விஷயத்தைச் சொன்னதும் செங்கம்மா, "அப்டியா? சரி, இந்தா குடு," என்று குழந்தையை நீட்டினாள், இரவல் வாங்கிய முறத்தைத் திருப்பித் தருகிற மாதிரி. பிரமிளா மடியில் போட்டு அணைத்தாள். குழந்தை வாய் வைத்து இழுத்தது. ஒன்றும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு செங்கம்மாவை நோக்கிக் கையை நீட்டி அலறியது.

செங்கம்மா பாட்டிலோடு வந்தாள். "பசி தாங்காது, எங்கிட்ட குடு. பால் வத்திப்போனா அதுக்கு நாங்க இன்னா பண்றது?"

"நீங்கதான் வத்த வெச்சீங்க அத்தே," என்றாள் பிரமிளா. குரலை உயர்த்தவில்லை, ஆனால் அந்த வீட்டில் அவள் அப்படிப் பேசியதே கிடையாது. "எம்பொண்ணு என்கிட்ட இருக்க மாட்டாம அழுவுறா. நல்லாப் பாருங்க."

"பிரமிளா, வுடு..." என்று ஆரம்பித்தான் கோவர்த்தனன்.

"நீங்களும் பாருங்க."

எழுந்து மாமியார் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். "பாட்டிலா இருந்தாலும் இனிமே நாந்தான் குடுப்பேன்."

தடிப்பு மாறாத அந்தக் கையாலேயே குழந்தையின் வாயில் வைத்தாள். பிரியங்கா அழுகையை விட்டு உறிஞ்சத் தொடங்கினாள். அவளைப் பார்த்துக்கொண்டே பிரமிளா குமுறிக் குமுறி அழுதாள். யாரும் கிட்டே வரவில்லை.