அத்தை பிந்தி அடிப்பாள்

மாமா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னார். விழுந்த அன்று நெடுநேரம் கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லையாம். அந்தப் பயம் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அத்தை கண்ணில் படாவிட்டால் கைத்தடியால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். அவள் குளிக்கப் போனாலும் தட்டுவார். மருத்துவமனைத் துணிகள் வெளுக்கும் சலவைக் கூடத்தில் அவள் பகலெல்லாம் இஸ்திரி போடுவதை மட்டும் பொறுத்துக்கொண்டார். அடுப்பு எரிய வேண்டுமே.

எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, மேஜை நாற்காலி உள்ள வேலையும் வாங்கி, நான் அப்பாவின் அக்காவான அவள் வீட்டில் தங்க வந்தேன். மூன்றாம் மாடியில் ஒரே அறை. வேலையை விட்டால் அத்தைக்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான். கீழே, சைக்கிள் கொட்டகையில் மாலையில் நடக்கும் குழாய் வாசிப்பு.

அதை ஆரம்பித்தவர் எங்கள் கட்டடத்து பிளம்பர். வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாய்களை வெவ்வேறு நீளத்தில் அறுத்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுரம் தரும்வரை ராவி, கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஆளுக்கு ஒரு குழாய். தன் முறை வரும்போது ரப்பர் முனை வைத்த கோலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். சங்கீதம் தெரிய வேண்டாம், எழுத்துக்கூடத் தெரிய வேண்டாம். எண்ண வராத வாட்ச்மேனைப் பக்கத்தில் நிற்கும் சலூன்காரர் முழங்கையால் இடிப்பார். இடி வாங்கினால் அடி கொடுக்க வேண்டும். வாட்ச்மேன் படித்த சங்கீதம் முழுவதும் அதுதான். அதிலும் ஒருநாள் சலூன்காரர் தும்மியபோது முழங்கை பட்டு, அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார்.

அத்தையிடம் இருந்தது ஆகப் பெரிய குழாய். வரிக்கு ஒருமுறை, கடைசியில் மட்டும் அடித்தால் போதும் என்பதால் அவளாகவே அதை எடுத்துக்கொண்டாள். அதன் முழக்கம் மூன்றாம் மாடிவரை ஏறும். மாமா அவளைக் கீழே போகவிட்டதும் அதனால்தான். முழக்கம் வரும்வரை அவள் கீழேதான் இருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு வரி தவறினால் தடி தட்டும்.

சலவைக் கூடத்து வேன் டிரைவர் வேலையை விட்டுப் போகப்போவதாகப் பேச்சு வந்தது. கூடத்து ஆட்களில் யாருக்கு லைசென்ஸ் இருந்தாலும் வண்டியைக் கொடுப்பேன் என்றார் முதலாளி. அத்தை மாமாவிடம் கேட்டுப் பார்த்தாள். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் யாரைக் கூப்பிடுவது என்று அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். பக்கத்துத் தெருவில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்மணிக்கோ, குழாய் வாசிக்கும் அதே நேரம்தான் ஒழிந்தது.

மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். "மருமகனே, இந்தத் தோளை வச்சுக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் இஸ்திரி தள்ள முடியாது. அவ்வளவு பெரிய படிப்பு படிச்சிருக்கியே, நான் வண்டி கத்துக்கப் போறப்போ எனக்குப் பதிலா ஒரு குழாய் அடிக்க மாட்டியா?"

"மாமா கண்டுபிடிச்சிட்டா?"

"அவருக்குக் காதுதான் கீழே இருக்கு, கண்ணு மேலேதானே இருக்கு?"

முதல் மாலை, எனக்குத் தாளம் தெரியும் என்ற மிதப்பில் வரி முடிந்ததும் சரியாக அடித்தேன். எல்லாம் கலைந்தது. சலூன்காரர் இடிக்கவில்லை, வாட்ச்மேன் வாயைப் பிளந்து நின்றார். மேலே கம்பியில் தடி தட்டியது. ஒருமுறை, பிறகு விடாமல்.

பிளம்பர் என் காதோரம் வந்தார். "தம்பி, உங்க அத்தைக்குத் தோள் சட்டுனு தூக்க வராது. கொஞ்சம் பிந்தித்தான் அடிப்பாங்க. நாங்க எல்லாரும் அதுக்காக நின்னு நின்னு, பாட்டே இப்ப அப்படித்தான். நீங்களும் பிந்துங்க."

பிந்துவது லேசான காரியமா? கோலை ஓங்கியபடி, தோள் வலிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு அடித்தேன். முழக்கம் மெல்ல ஏறியது. தடி ஓய்ந்தது. சட்டை நனைந்துவிட்டது எனக்கு.

அப்புறம் ஒவ்வொரு வாசிப்புக்கும் அத்தை பின்வாசல் வழியாக வெளியேறினாள். நான் அந்தக் குழாயின் முன்னால் கட்டிப்போட்டதுபோல நின்றேன். தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும், போன் வந்தாலும் விட வேண்டும். கோல் என் கையில் இருக்கும்வரைதான் அத்தைக்குத் தெரு. வாசிப்பு முடிகிற நேரத்துக்கு அவள் மூச்சிரைக்க வந்து, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறுவாள். மாமா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயை உதறச் சொல்வார்.

லைசென்ஸ் வந்தது. அதற்குமேல் மறைக்க முடியாது. கஞ்சி கொடுத்து வாய் துடைத்துவிட்ட பிறகு, அட்டையை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"எப்பக் கத்துக்கிட்டே?"

"நான் கீழே குழாய் அடிச்சிட்டிருந்தப்போ" என்றாள் அத்தை.

மாமா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப நான் இத்தனை நாளும் இந்த ரூம்ல தனியாவா இருந்தேன்" என்றார். அத்தை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போது வேனை அவள்தான் ஓட்டுகிறாள். விடுதலை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் தெருவைக் கடக்கும்போதெல்லாம் ஹாரன் அடித்தாக வேண்டும். அது மாமாவின் உத்தரவு. வேனின் மாலைச் சுற்று வாசிப்பு நேரத்தில் விழுவதால் குழாய் என் தலையில் நிலைத்துவிட்டது. வேறு குழாய் கேட்டுப் பார்த்தேன். இவ்வளவு நல்லாப் பிந்துற ஆளை எங்கே போய்த் தேடுவது என்று பிளம்பர் கையை விரித்துவிட்டார்.

விடுமுறை நாட்களில் பகலில் நான் மேலே மாமாவோடு உட்கார்ந்திருப்பேன். வேன் வரும் சத்தம் முனையிலேயே கேட்டுவிடும். மாமா தடியைத் தூக்கிப் பிடிப்பார். வண்டி ஜன்னலுக்கு நேராக வரும், ஹாரன் வராது. தாண்டிப் போகும், அப்போதும் வராது. தடி கம்பியை நோக்கி இறங்கும். அடுத்த முனையில் திரும்பப் போகிற நேரத்தில்தான், போனால் போகிறது என்பதுபோல, ஒரு ஹாரன்.