அது உத்தரவு இல்லை, கேள்வி

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்த்து வருகிறேன். பொதுக்கிணற்றுத் தகராறில் என் சித்தப்பா மகன், எனக்கு மண்டை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதை நிரூபிக்க, என் ராணுவ மருத்துவப் பதிவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுவும் போட்டுவிட்டான்.

அந்த மனு பற்றி ராணுவப் பதிவு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முத்திரையைப் பார்த்ததுமே உடம்பு விறைத்துக்கொண்டது. மேலிடத்துக்குச் 'சரி' சொல்லியே பழகியவன் நான். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போனேன்.

மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள்.

"அப்பா, இது ஆர்டர் இல்ல. குடுக்கலாமான்னு உங்ககிட்ட கேக்குறாக. மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு."

முடியாது என்று எழுதினேன். ராணுவத்துக்கு நான் சொன்ன முதல் 'முடியாது' அதுதான். இது தனிப்பட்ட தகவல், இதில் பொதுநலன் ஏதுமில்லை என்று அலுவலகமும் அவன் மனுவைத் தள்ளிவிட்டது.

அப்படியும் அவன் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "அப்படி என்னத்தண்ணே மறைக்கிறீக?"

"ஏலே, மனசு சரியில்லாம மிலிட்டரி ஆஸ்பத்திரில கெடந்தேன். கொணமாகி மறுபடியும் எல்லையில போயி நின்னேன். இத நாந்தான் சொல்லுவேன். நீயா எடுத்துப் படிக்க விடமாட்டேன்."

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போதெல்லாம் எந்த அலுவலகக் கடிதம் வந்தாலும், அது உத்தரவா கேள்வியா என்று முழுதாகப் படித்த பிறகே பேனாவைத் திறக்கிறேன். கேள்வி என்றால், 'முடியாது' என்பதும் பதில்தான்.