ஆனி முடிவதற்குள் படியில்லாத வீடு

வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் இடுப்பில் ஊர் வீட்டுச் சாவியெல்லாம் தொங்கும். அவர் குடியிருக்கும் வாடகை வீட்டுச் சாவி மட்டும் என்றைக்கு வேண்டுமானாலும் கை மாறும். சுவரில் ஒரு ஆணி அடிக்க ஓனரைக் கேட்டு நிற்கிற உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நானும் உங்கள் கூட்டம்தான்.

இந்த ஆனியில் எங்கள் ஓனர், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். என் கணவர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்ததில், இனி மாடிப்படியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடியில் இங்கே யாரும் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனியிலேயே காய்ச்சிவிட்டால் சாமான்களை அப்புறம் ஏற்றலாம். அதற்குள் கீழ்த்தளத்தில் ஒரு வீடு கிடைத்தாக வேண்டும். அந்தக் கவலையோடுதான் ஊருக்கெல்லாம் வீடு காட்டிக்கொண்டிருந்தேன்.

துணி காயப்போட இடம்

மனோஜ் பீகார்க்காரர். பனியன் கம்பெனி வேஸ்ட் துணி குடோன் ஒன்றில் மூட்டை பிரிக்கிற வேலை. மனைவி, கைக்குழந்தையோடு போன வருஷம் என்னிடம் வந்தார். வடக்கத்தியர் என்றாலே வீடு இல்லை என்கிற தெருவுக்குத்தான் கூட்டிப்போனேன். காலியாக இருந்தது அது ஒன்றுதான். ஓனரம்மா என்னைத் தனியே இழுத்து, "இந்திக்காரங்களா?" என்று முகம் சுளித்தார்.

அதற்குள் மனோஜ் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "ஏனுங்க சாமி, துணி காயப்போட மாடிக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார். குடோனில் பழகிய கொங்குத் தமிழ். ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். "எம்பட பசங்களே இந்தப் பேச்சை உட்டுட்டாங்க சரசு. ஊட்டை இவருக்கே குடுத்துரு."

மாடியில் ஓவர்லாக்

சத்தமே ஆகாது என்ற ஒரு ஓனருக்கு, வாயே திறக்காத ஒரு டெய்லர் குடும்பத்தைப் பிடித்துக் கொடுத்தேன். வாய்தான் திறக்கவில்லை. குடிபோன கையோடு ஓவர்லாக் தையல் மெஷினை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். "கீழே எங்க கட்டில் ஆடுதுங்க, உடனே காலி பண்ணச் சொல்லுங்க" என்று ஓனர் போனில் கத்தினார்.

நான் ஓடிப்போய், ஓனரும் நானுமாகப் படியேறினோம். மேலே குழந்தைகளுக்கான பனியன் மலை போலக் குவிந்து கிடந்தது. அதன் நடுவே கத்தரியோடு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தது ஓனரின் மனைவி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "சத்தமெல்லாம் பழகிப்போச்சுங்க. சாயந்தரம் பீஸ் கம்பெனிக்குப் போகோணும், வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுங்க."

கடைசி முகூர்த்தம்

ஆனியின் கடைசி முகூர்த்த நாள். விடிந்ததிலிருந்து நான் பிடித்துக் கொடுத்த வீடுகளில் வரிசையாகப் பால் காய்ச்சினார்கள். எல்லோரும் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். எங்களுக்குத்தான் இன்னும் வீடு அமையவில்லை.

அப்போது மனோஜ் போன் செய்தார். "அக்கா, ஒரு ஊடு இருக்குதுங்க, வாங்க." போனேன். அவருடைய முதலாளி பாயின் வீட்டை ஒட்டிய முன்பகுதி அது. வேஸ்ட் மூட்டை அடுக்கிக் கிடந்த இடம் என்பதால் நான் அதை வீடாகவே நினைத்ததில்லை. மனோஜ் என் நிலைமையைச் சொல்ல, பாய் மூட்டைகளையெல்லாம் குடோனுக்கு மாற்றிவிட்டுக் கழுவியும் விட்டிருந்தார். மனோஜ் முன்னால் நடந்து எனக்கே வீடு காட்டினார்: "தண்ணிக்குத் தனி மோட்டாருங்க. காத்து நல்லா வருமுங்க. படி ஒண்ணுகூட இல்லீங்க அக்கா." வார்த்தைக்கு வார்த்தை நான் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலுக்கு வந்த பாயிடம், "இன்னைக்கே எப்படீங்க பாய், அடுப்புகூடக் கொண்டாரலீங்களே" என்று உளறினேன். பாயின் மனைவி உள்ளே போய்த் தன் அடுப்பையும் புதுப் பாத்திரத்தில் பாலையும் கொண்டுவந்து வைத்தார். "எங்களுக்கு ஆனியும் ஆடியும் ஒண்ணுதானுங்க அம்மிணி. உங்களுக்கு அப்படி இல்லீங்களே. நல்ல நேரம் முடியறதுக்குள்ள பத்த வையுங்க."

என் தொழிலுக்குப் போட்டியாக ஒருவர் முளைத்ததற்காக நான் சாமி கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.