ஈசானிய மூலைத் தண்ணீர்

எங்கள் நகருக்கு ஒரு பெயர் உண்டு. மனை போட்டு விற்ற புரோக்கர் தன் மகளின் பெயரை வைத்து, முகப்பில் வளைவு கட்டி, பளபளவென்று பெயிண்டும் அடித்துவிட்டார். எனக்கு அதைச் சொல்ல வாய் வராது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், டவுன் முடிகிற இடத்தில், மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த கரிசல் காடு அது. காட்டின் மேல் எனக்கு ஒரு பாசமும் கிடையாது, வெயிலும் விரியனும்தான் அங்கே இருந்தன. ஆனால் காடாக இருந்தபோது நாறவில்லை. இப்போது பத்துத் தெரு வந்துவிட்டது, எதிலும் மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாது.

பூங்காவுக்கு என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டிய இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லைச் சுற்றி கோழிக்கடைக்காரன் இறகையும் குடலையும் கொட்டுகிறான். படித்த வீட்டுப் பிள்ளைகள் பைக்கை நிறுத்தாமலே பாப்பாவின் டயாப்பரை அதன் மேல் வீசிவிட்டுப் போகிறார்கள். கருமம், கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டு நடப்பேன். வேப்பந்தட்டைப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். வாசல் வாசலாக நின்று, கையைக் கழுவு, தண்ணியைக் காய்ச்சிக் குடி, கக்கூஸ் கட்டு என்று தொண்டை வற்றக் கத்தியவள். ஓய்வு பெற்றதும் கிடைத்த பணத்தை இந்தச் சாக்கடையில்தான் போட்டோம்.

எங்கள் தெருவில் ஐந்து வீடு, ஐந்தும் வடக்குப் பார்த்தவை. மேற்குக் கோடியில் ஓர் இளம்பெண், ஒரு பெண்குழந்தையோடு இருக்கிறாள். புருஷன் சிங்கப்பூரில். அடுத்தது நாங்கள். எங்களுக்குக் கிழக்கே ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்குக் கிழக்கே ஒரு வாத்தியார். கிழக்குக் கடைசியில் புரோக்கரே வீடு கட்டிக்கொண்டார். அதற்கப்பால் சாலைதான்.

வீடு கட்டும்போது வாஸ்துக்காரர் ஒருவர் வந்தார். ஐந்து வீட்டுக்கும் அவரேதான். தண்ணீர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும், கக்கூஸ் தொட்டி வாயு மூலையில், வடமேற்கில் இருக்க வேண்டும் என்றார். நாங்கள் எல்லாரும் பயபக்தியோடு மண்டையை ஆட்டினோம். ஒவ்வொருவரும் அவரவர் மனைக்குள்ளேதான் பார்த்தோம். என் வடகிழக்கு மூலையும் பக்கத்து வீட்டுக்காரரின் வடமேற்கு மூலையும் ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கம் என்பது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. என் போர்வெல்லிலிருந்து நாலடி தள்ளி கண்டக்டரின் தொட்டி. மேற்கு வீட்டுப் பெண்ணின் போர்வெல்லிலிருந்து நாலடி தள்ளி என் தொட்டி. சாமி குத்தம் வராமல் சாஸ்திரப்படி, வரிசையாக, ஒருத்தர் பீயை அடுத்தவர் தண்ணீரில் கலக்க ஏற்பாடு செய்திருந்தோம்.

அதோடு விட்டோமா? தொட்டி கட்டிய மேஸ்திரி, அடியில் கான்கிரீட் போடவா என்று என்னைக் கேட்டார். போட்டால் அடிக்கடி லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வேண்டியிருக்கும், போடாவிட்டால் மண் குடித்துக்கொள்ளும், இந்தத் தெருவில் யாருமே போடவில்லை என்றும் சொன்னார். "அப்ப நமக்கும் வுட்ருங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். மண் குடிப்பது எங்கே போகும் என்று பாடம் நடத்தியே சம்பளம் வாங்கியவள் நான்.

மூன்று வருஷம் ஒன்றும் தெரியவில்லை. வீடுகள் நிரம்பின, மாடிக்கு மாடி வாடகைக்கு ஆள் வந்தது. போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு காலை குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தேன். முட்டை அழுகின வாடை. வாயில் பட்டதை அங்கேயே துப்பினேன், அப்படியும் ஓங்கரித்தது. சட்டினி அரைத்தால் அந்த வாடை, துணி காய்ந்தாலும் அந்த வாடை. பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மலக்கிருமி இருக்கிறது என்று தாள் வந்தது. படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எத்தனை நாளாகக் கண்டக்டர் வீட்டுக் கழிவில் நான் ரசம் வைத்தேனோ!

வாடை மட்டும் என்றால் கேன் தண்ணீர் வாங்கிப் பொறுத்திருப்பேன். என் ஒரே மகள் கோயம்புத்தூரில் வாக்கப்பட்டு, அப்போது ஐந்து மாசம். தலைப் பிரசவம், வளைகாப்பு முடித்து அழைத்து வந்து நான்தான் பார்க்க வேண்டும். ஊரார் பெற்ற பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தினேன், என் பேரப்பிள்ளையை ஏந்த எத்தனை நாளாகக் காத்திருந்தேன் தெரியுமா? பொங்கலுக்கு வந்த சம்பந்தியம்மா காப்பியை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே கீழே வைத்துவிட்டார். போகும்போது மகளிடம், தண்ணி சரியாகாமல் உன்னை அங்கே அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அனுப்பமாட்டேன்.

கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் அசையவில்லை, என்னைத் தன் வீட்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் திறந்துவிட்டார். அதே வாடை. வாத்தியார் வீட்டுத் தொட்டி என்றார். அவர் மூடட்டும், நான் மூடுகிறேன் என்றார். வாத்தியாரிடம் போனேன். அவர் புரோக்கர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். புரோக்கரிடம் போனேன். அவருக்குக் கிழக்கே தொட்டியும் இல்லை, வீடும் இல்லை, இளநீர் மாதிரித் தண்ணீர். சோபாவில் சாய்ந்துகொண்டு, "நம்ம தண்ணிக்கு ஒண்ணுமில்லீங்களேம்மா. நல்லாருக்கறத எதுக்கு ஒடைக்கறது?" என்றார். த்தூ என்று அவர் வாசலிலேயே துப்பிவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்குக் கேவலமான ஜென்மங்கள் என்று எல்லாரையும் வீட்டில் கூடத்தில் நின்று ஏசினேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்ம தொட்டிய மொதல்ல பாரு" என்றார். அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே மேற்கு வீட்டுப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தது. மூன்றாம் முறையாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போயிருந்தது, தோலைக் கிள்ளி விட்டால் அப்படியே நின்றது. உப்பு சர்க்கரைக் கரைசலை நானே கலக்கிக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தண்ணியைக் காய்ச்சிக் கொடு என்று சொன்னேன். காய்ச்சித்தான் கொடுக்கிறேன், குளிக்கும்போது வாயில் போய்விடுகிறது என்றாள். போகும்போது ஒரு பாட்டிலை என் கையில் வைத்தாள். அவள் வீட்டுத் தண்ணீர். எங்கே கொடுத்துப் பார்ப்பது என்று உங்களுக்குத்தான் தெரியும் என்றாள்.

அந்தப் பாட்டிலை இரண்டு நாள் அடுப்படியில் வைத்திருந்தேன். அதில் என்ன இருக்கும் என்று தெரிய எனக்குப் பரிசோதனை வேண்டியதில்லை. தாள் வந்தால் தெரு சிரிக்கும். நர்சம்மா வீட்டுத் தொட்டிதான் பிள்ளைக்கு வினையாயிற்று என்பார்கள். சம்பந்தி காதுக்குப் போகும், மகள் வருவது அடியோடு நிற்கும். பாட்டிலைக் கொட்டிவிட்டு கேன் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். கோழிக்குடல் கொட்டுகிறவனைத் திட்டின இதே மனசுதான். அந்த நிமிஷத்தில் என்மேல் எனக்கு வந்த அருவருப்பு, குழாயடியில்கூட வந்ததில்லை.

பரிசோதனைக்கும் கொடுக்கவில்லை, கொட்டவும் இல்லை. மூன்றாம் நாள் மேஸ்திரியை வரச் சொல்லி, லாரியையும் கூப்பிட்டேன். தொட்டியை உறிஞ்சி எடுத்த பிறகு குனிந்து பார்த்தேன். அடி மண் கருநீலமாக ஊறி, மேற்குப் பக்கம் சுவர் வழியே இறங்கியிருந்தது. லாரிச் சத்தத்துக்கு நாலு வீட்டு ஜனமும் வாசலுக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் மேற்கு வீட்டுப் பெண்ணிடம் போய், உன் பிள்ளை படுத்தது எங்கள் தொட்டியால்தான் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுங்க நர்சம்மா. மேஸ்திரி அப்பவே சொன்னாரு. நீங்க படிச்சவங்க, நீங்களா செய்வீங்கன்னுதான் பேசாம இருந்தேன்."

மேஸ்திரி கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, உள்ளே இரண்டு கோட்டு பூசி முடிக்கும்வரை வெயிலில் நின்றேன். கண்டக்டர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார், அவர் தொட்டியில் ஒரு கல்லைக்கூட அசைக்கவில்லை. வாத்தியாரும் அப்படியே. மேற்கு வீட்டில் மாதக்கணக்காக மோட்டார் போட்டு இறைத்து இறைத்து வெளியே விட்டாள். தண்ணீர் தெளிந்தது. இந்தத் தெருவில் இப்போது இரண்டே வீட்டில் நல்ல தண்ணீர், கோடிக்குக் கோடி. என் குழாய் நாறிக்கொண்டேதான் இருக்கிறது.

மகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கோயம்புத்தூரிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். அங்கேதான் பேரன் பிறந்தான். யாரோ முகம் தெரியாத நர்ஸ் ஏந்தினாள், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். மூன்றாம் மாசம், பத்து நாளைக்கு மட்டும் என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்றைக்கே காம்பவுண்டுச் சுவர் ஓரம் போய், "அக்கா, புள்ளைக்கு ஊத்த கொஞ்சம் தண்ணி வுடுறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். என்னால் ஜென்மத்துக்கும் கேட்டிருக்க முடியாது. அந்தப் பெண் சுவருக்கு மேலே பச்சைக் குழாயைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டாள்.

அண்டா நிரம்பியது. காலை நீட்டிப் பலகையில் உட்கார்ந்து பேரனைக் காலில் போட்டேன். முதல் சொம்பை மொண்டதும், பழக்கதோஷம், மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

நிமிர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்குங்க நர்சம்மா. ஊத்துங்க" என்றாள்.